சின்னதைத் தூக்கிட்டு பெரிசைப் போடு

"என் புருஷன் எங்கப்பாவைக் கொல்லப் போறார்" என்றாள் அந்தப் பெண். "அதுக்கு முன்னாடி என்னைக் கடத்தப் போறார்."

ஒட்டடை எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"கடத்தறதுன்னா எங்கேயிருந்து எங்கே?" என்று கேட்டான். "நீங்க ஏற்கெனவே அவர் வீட்லதானே இருக்கீங்க?"

அவள் மேஜைக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தாள். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் எல்லோரும் இலக்கணம் என்றே அழைத்தார்கள். துப்பறிய வருவதற்கு முன் ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். இப்போதும் செய்வது அதையேதான், காகிதத்துக்குப் பதிலாக ஆட்கள். அவருடைய உதவியாளன் ஆறடிக்கு மேல் உயரத்தில் வளர்ந்துவிட்டு, அகலத்தில் அக்கறை காட்டாமல் விட்டதால் ஒட்டடைக்குச்சி ஆனான். கூப்பிட நேரம் பிடிக்கிறது என்று பிறகு குச்சியை எடுத்துவிட்டார்கள்.

"அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கம்மா" என்றார் இலக்கணம். "அர்த்தம் வேணாம். வார்த்தை மட்டும்."

"நேத்து குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு போன்ல பேசினார். குளிக்கப் போறவருக்கு போன் எதுக்குன்னு கதவோரமா நின்னேன். 'சின்னதைத் தூக்கிட்டு பெரிசைப் போட்டுடலாம். நாளைக்கே முடிச்சிடுவோம். வெளியே யாரும் மூச்சு விடக் கூடாது.' இவ்வளவுதான் கேட்டுச்சு."

"பெரிசு யாரு?"

"எங்கப்பா. ஒர்க்‌ஷாப்ல எல்லாரும் அவரைப் பெரிசுன்னுதான் சொல்லுவாங்க. இவருக்கும் நேர்ல மாமா, முதுகுக்குப் பின்னாடி பெரிசு."

"சின்னது?"

"நான் ஒரே பொண்ணு. வேற யாரா இருக்கும்?"

சின்னது என்றால் சின்னதுதான். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அவள் கால் தரையைத் தொடவில்லை. ஆனால் தொழிலைக் கேட்டபோது ஒட்டடை நிமிர்ந்து உட்கார்ந்தான். அவள் கார்ப் பந்தயத்தில் ஓட்டுகிறவள். கணவர் பந்தயக் காருக்கு இன்ஜின் கட்டுகிறவர். அப்பாவும் ஒரு காலத்தில் பந்தயத்தில் பேர் எடுத்தவர்தான். இப்போது இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, மாடிப்படியில் பாதியில் நின்று சுவரில் மாட்டிய படத்தை ரசிப்பதுபோல் மூச்சு வாங்குகிறவர்.

"மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் ஆகாதா?"

"கீரியும் பாம்பும். போன வாரம் திடீர்னு இவரே அவரை வெளியே கூட்டிட்டுப் போய் காபி வாங்கிக் குடுத்திருக்கார். அதுலேருந்து ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசறாங்க. நான் போனா நிறுத்திடறாங்க."

"மாமனாருக்குக் காபி வாங்கிக் குடுத்ததுக்கெல்லாம் கொலைக் கேஸா?" என்றான் ஒட்டடை. "நான் கல்யாணம் பண்ணாததே நல்லது பாஸ்."

"இன்னிக்குச் சாயங்காலம் தகுதி ஓட்டம் இருக்கு" என்றாள் அவள். "புது இன்ஜின் இன்னும் முடியல, இந்தத் தடவை விட்டுடலாம்னு சொல்லிட்டார். அவர் எதையும் பாதியில விடற ஆள் இல்ல. அப்பா காலையில நண்பரைப் பார்க்கப் போறேன்னு கிளம்பினார். அவருக்கு நண்பரே கிடையாது. போனையும் எடுக்க மாட்டேங்கறார்."

"போலீஸுக்குப் போகலாமே?"

"போய், அப்புறம் ஒண்ணுமில்லன்னு ஆயிட்டா அவர்கூட எப்படிக் குடும்பம் நடத்தறது? எனக்கு எங்கப்பாவைத் தவிர யாரும் இல்ல சார். அதாவது, இவரும் இருக்கார். அதான் பிரச்சினையே." அவள் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அப்பாவைப் பார்த்தா அடையாளம் தெரியணுமே. எப்படி இருப்பார்?"

அவள் ஒட்டடையை மேலிருந்து கீழே அளந்தாள். "இவர் உயரம்தான். ஆனா பார்க்க நல்லா இருப்பார்."

* * *

"இதுக்கு டர்போவா?" என்று கேட்டார் இன்ஜின்காரர். இலக்கணத்தின் காரைச் சுற்றி வந்து, பானட்டைத் திறந்து, உடனே மூடிவிட்டார். "இதுக்கு முதல்ல யாராவது ஆறுதல் சொல்லணும்."

மனைவியைவிட இரண்டு விரற்கடை உயரம் இருப்பார். பெரிய கைகள். அவருடைய பட்டறை ஆஸ்பத்திரியைவிடச் சுத்தமாக இருந்தது. சுவரில் ஸ்பானர்கள் உயர வரிசையில் தொங்கின. நடுவில் பந்தயக் கார், துணி போர்த்தி நின்றது. அதன் பக்கத்துச் சுவரில் மரத்தாங்கிகள் மீது நீளமான இரும்புத் தண்டுகள் படுத்திருந்தன. ஒவ்வொரு தண்டிலும் முட்டை முட்டையாக மேடுகள் புடைத்துக்கொண்டிருந்தன.

"இது என்ன சார்?" என்றார் இலக்கணம், ஒன்றும் தெரியாத வாடிக்கையாளர் முகத்துடன். அந்த முகத்துக்கு அவர் அதிகம் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

"கேம்ஷாப்ட். சுருக்கமா கேம்."

"கேம்னா விளையாட்டுன்னு நினைச்சேன்" என்றான் ஒட்டடை.

"நிறைய பேர் அப்படி நினைச்சுத்தான் இன்ஜினைக் கெடுக்கறாங்க." இன்ஜின்காரர் தடித்த மேடுகள் உள்ள ஒரு தண்டை எடுத்து ஒட்டடையின் கையில் வைத்தார். "இந்த மேடு சுத்தி வந்து வால்வை அழுத்தித் திறக்கும். மேடு பெரிசா இருந்தா வால்வு அதிகமா, அதிக நேரம் திறந்திருக்கும். காத்து நிறைய வரும். இது பெரிசு. அது சின்னது."

இலக்கணத்தின் இமை ஒருமுறை அசைந்தது.

"அப்போ டர்போவுக்குப் பெரிசைத்தானே போடணும்?" என்றார்.

இன்ஜின்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தொழில் தெரிந்தவனிடம் தப்பாகக் கேள்வி கேட்டால் அவன் கதவைப் பூட்டிக்கொண்டாவது சொல்லித் தருவான்.

"இங்கதான் எல்லாரும் கவுந்துடறாங்க. பெரிசு போட்டா, புகை போற வால்வு மூடறதுக்கு முன்னாடியே காத்து வர்ற வால்வு திறந்துடும். கொஞ்ச நேரம் ரெண்டும் திறந்தே கிடக்கும். சாதாரண இன்ஜினுக்கு அது நல்லது. வெளியே போற புகை புதுக் காத்தை இழுத்து விட்டுட்டுப் போகும். டர்போ இன்ஜின்ல புகை சுலபமா வெளியே போக முடியாது, புகையால சுத்திக் காத்தை உள்ளே தள்ளற டர்போ சக்கரம் வழியை மறிச்சுட்டு நிக்குது. அந்த நேரம் பார்த்து ரெண்டு வாசலும் திறந்திருந்தா, போக வேண்டியவன் திரும்பி உள்ள வருவான். இல்லன்னா, டர்போ கஷ்டப்பட்டுத் தள்ளின காத்து அப்படியே பின்வாசல் வழியா வெளியே போகும்."

"எங்க ஆபீஸ் மாதிரி" என்றான் ஒட்டடை.

"பெரிய டர்போ, வேற கணக்கு. அதை விடுங்க. என்னோடது சின்ன டர்போ, சீக்கிரம் சுத்தி எழும்பணும். அதுக்கு அடக்கமான கேம்தான் அழகு. பெரிசு போட்டவன் வண்டி நிக்கும்போதே டடக்கு டடக்குன்னு நொண்டும், ரோட்ல போறவன் எல்லாம் திரும்பிப் பார்ப்பான். அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டுப் போடறவன் இருக்கான். நான் செத்தாலும் போட மாட்டேன். இதைக் கேளுங்க."

துணியை உருவிவிட்டு ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பொத்தானை அழுத்தினார். இன்ஜின் எழுந்தது. நொண்டவில்லை, இருமவில்லை. ஒரே சீராக உறுமிக்கொண்டு நின்றது. இன்ஜின்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவருக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது என்பது அங்கிருந்த இரும்புக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"முழுசா முடிஞ்சுடுச்சா?" என்றார் இலக்கணம்.

"முடிஞ்சு, டெஸ்ட்டும் ஆயாச்சு."

இதற்குள் ஒட்டடை கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் இறங்கிவிட்டான். ஸ்டீரிங்கைப் பிடித்து, பெடலில் காலை வைத்து, தலையைச் சாய்த்தான். "பாஸ், எனக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு!"

"இறங்குங்க" என்றார் இன்ஜின்காரர். குரல் சட்டென்று மாறியிருந்தது. இன்ஜினை அணைத்தார். "யாரு நீங்க ரெண்டு பேரும்?"

இனிமேல் வாடிக்கையாளர் முகம் உதவாது என்று இலக்கணம் முடிவு செய்தார்.

"சின்னதைத் தூக்கிட்டு பெரிசைப் போட்டுடலாம்னு நேத்து யார்கிட்ட சொன்னீங்க?"

இன்ஜின்காரர் முகத்தில் ரத்தம் இல்லை. அவர் பார்வை தரைக்குப் போனது, கதவுக்குப் போனது, சுவருக்குப் போனது. சுவரிலேயே நின்றது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"கேம்ஷாப்ட்டுங்க! சின்ன கேமைத் தூக்கிட்டு பெரிய கேமைப் போடறதைப் பத்திப் பேசிட்டிருந்தேன். என் பெண்டாட்டி அனுப்பினாளா? கடவுளே! எதிர் டீம்காரனுக்குத் தெரியக் கூடாதுன்னு ரகசியமா பேசினேன், அவ்வளவுதான்."

ஒட்டடையும் சிரித்தான். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். இலக்கணம்கூட உதட்டை லேசாக அசைத்தார். ஒட்டடை அங்கிருந்தே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தான்.

"கொலை இல்லைங்க. கேம்ஷாப்ட். ஆமா, இரும்பு. நீங்க நிம்மதியா இருங்க."

மறுமுனையில் அவள் வாய்விட்டு அழுவது கேட்டது. சந்தோஷம்தான்.

* * *

"நல்ல மனுஷன் பாஸ்" என்றான் ஒட்டடை, காரை ஓட்டிக்கொண்டே. "பெண்டாட்டி கொலைகாரன்னு நினைச்சிருக்கா, கோவமே படல. நானா இருந்தா டைவர்ஸ்."

இலக்கணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உதடு மட்டும் முணுமுணுத்தது. அச்சில் எங்கோ ஒரு பிழை இருக்கிறது, பக்கம் தெரியவில்லை என்றால் அவர் இப்படித்தான் இருப்பார்.

"ஒட்டடை, டர்போவுக்கு எந்த கேம் நல்லதுன்னார்?"

"சின்னது. அடக்கமா இருக்கணும். பெரிசு போட்டா ரெண்டு வாசலும் திறந்து... செத்தாலும் போட மாட்டேன்னாரே."

"போன்ல எதைத் தூக்கிட்டு எதைப் போடறதாச் சொன்னார்?"

"சின்னதைத் தூக்கிட்டு பெரிசை..." ஒட்டடையின் வாய் திறந்தபடியே நின்றது. கார் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"வாத்தியாரே ஆனாலும் அவசரத்துல பொய் சொன்னா எழுவாய் பயனிலை மாறிடும்" என்றார் இலக்கணம். "செத்தாலும் போட மாட்டேன்னு சொன்ன கேமை யாராவது ரகசியமா போடுவானா? நாம கேட்டதும் சுவரைப் பார்த்தான். பதிலை அங்கேயிருந்துதான் எடுத்தான்."

"அப்போ கொலையா?"

"நீ எத்தனை அடி?"

"ஆறடி ரெண்டு அங்குலம். இப்ப எதுக்கு?"

"அந்தப் பொண்ணுக்கு நம்ம நாற்காலியிலேயே கால் எட்டல. பந்தயக் காரோட சீட்டை இழுத்து நகர்த்த முடியாது, போல்ட் போட்டு முடுக்கி வெச்சிருப்பாங்க. அவ ஓட்டற கார்ல உனக்கு எப்படி அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும்? நீ இறங்கினப்ப பார்த்தேன். முன்னாடி இருந்த போல்ட் ஓட்டை காலியா இருக்கு. பின்னாடி புதுசா துளை போட்டிருக்கான், இரும்புத்தூள்கூடத் துடைக்கல. அவ்வளவு சுத்தக்காரன் துடைக்காம விட்டிருக்கான்னா, அவசரம். இன்ஜின் முடியலன்னு பெண்டாட்டிகிட்ட சொல்லியிருக்கான். முடிஞ்சு நிக்குது. இன்னிக்குச் சாயங்காலம் அந்தக் கார் ஓடப் போகுது. ஓட்டப் போறது உன் உயரத்துல ஒருத்தர்."

ஒட்டடை நடுச்சாலையில் காரைத் திருப்பினான். பின்னால் வந்த எல்லோரும் அவன் பரம்பரையைப் பற்றி ஹாரனில் பேசினார்கள். இலக்கணம் போனை எடுத்தார்.

"அம்மா, பந்தயத் திடலுக்கு உடனே வாங்க. அழறதை வழியில வெச்சுக்கலாம்."

* * *

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் அவர்களுக்கு முன்பே வந்திருந்தாள். பந்தயக்காரி. புறப்படும் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் அந்தக் கார் நின்றது. இன்ஜின்காரர் டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியைக் கண்டதும் எழுந்தார். காற்று பார்க்கும் கருவி கையிலிருந்து நழுவி உருண்டு போனது, அவர் அதை எடுக்கவில்லை.

உள்ளே ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பெல்ட்டால் இறுக்கிக் கட்டப்பட்டு, பெரிசு உட்கார்ந்திருந்தார்.

"ஆளுங்களை நீங்க சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க" என்றார் இலக்கணம் அவளிடம். "சின்னது நீங்கதான், பெரிசு அவர்தான். வினைச்சொல்தான் தப்பு. தூக்கறதுன்னா சீட்லேருந்து தூக்கறது. போடறதுன்னா சீட்ல போடறது."

அவள் கணவரிடம் போய் நின்றாள். "ஏன்?" என்றாள்.

"போன ஓட்டத்துல நீ காரோட புரண்டப்போ..." அவர் காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டார். "ஜன்னல்ல உன் கை மட்டும் வெளியே தெரிஞ்சுது. அது அசையற வரைக்கும் நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாது. இந்த இன்ஜினை உனக்காகத்தான் கட்டினேன். கட்டி ஓட விட்டுப் பார்த்தேன், பயமாயிடுச்சு. இது அதைவிட வேகம். கட்டினதை ஓட்டாம விட மனசு வரல. உன்னை உள்ளே வெச்சு பெல்ட்டைப் போடவும் எனக்குக் கை வரல."

"எங்கப்பாவை வெச்சுப் போட மட்டும் கை வந்துதா?"

"அவரைத் திட்டாத பாப்பா" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது. "அவர் வேற டிரைவரைத்தான் தேடினார். நான்தான் நான் ஓட்டறேன்னேன். டீம்ல இன்னும் என் பேர் இருக்கு. லைசென்ஸும் உயிரோட இருக்கு. நாள் முழுக்க சோபாவுல உக்கார்ந்து, எந்த மாத்திரை எப்போன்னு பார்த்துட்டே இருக்கறது எனக்குப் பிடிக்கல. ஒரே ஒரு தடவை."

"நேத்து போன்ல பேசினது உங்ககிட்டயா?"

"என்கிட்டதான். என்னைப் பெரிசுன்னு சொன்னதுக்கு நான் கோவிச்சுக்கல பார்த்தியா? அவ்வளவு சந்தோஷம்."

"இறங்குங்கப்பா."

பெரிசு ஸ்டீரிங்கை ஒருமுறை இறுக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, பெல்ட்டை அவிழ்த்து, கூரையைப் பிடித்து, ஒரு காலை வெளியே வைத்தார். இரண்டாவது காலை எடுக்க முடியவில்லை. ஒட்டடை ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தான். நான்கடி தள்ளி அடுக்கி வைத்திருந்த டயர்களுக்குப் போய்ச் சேருவதற்குள் அவருக்கு முகம் வேர்த்து, உதடு வெளுத்து, பேச்சு நின்றுவிட்டது. அவள் அவர் சட்டைப் பையில் கையை விட்டு மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தாள். ரசிப்பதற்கு அங்கே படம் எதுவும் இல்லாததால் அவர் வானத்தைப் பார்த்து மூச்சு வாங்கினார். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது.

இன்ஜின்காரர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"காரை விட்டு இறங்கினதுக்கே..." என்றார் இலக்கணத்திடம். "ஓட்டியிருந்தா? முதல் திருப்பத்துலயே... அவ நினைச்சதுதான் சரி சார். நான் அவரைக் கொன்னிருப்பேன்."

இலக்கணம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தில் திருத்தம் சொல்லாமல் விட்டார்.

ஒட்டடை பெரிசுக்குத் தண்ணீர் கொடுத்து, மருத்துவ வண்டிக்காரரையும் கையோடு கூட்டி வந்தான். அவர் நாடி பார்த்துவிட்டு, இங்கேயே உட்காரட்டும், எழுந்திருக்க மட்டும் விடாதீங்க என்றார். ஒலிபெருக்கியில் அடுத்த காரைக் கூப்பிட்டார்கள். இவர்களுடைய கார்.

"ஸ்பானர் குடுங்க" என்றாள் அவள்.

"வேணாம்மா. இந்தத் தடவை..."

"நான் பயந்தா நானே சொல்லுவேன். எனக்குப் பதிலா நீங்க பயப்பட வேணாம். சீட்டைப் பழைய ஓட்டைக்குக் கொண்டு வாங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, தலையைக் காருக்குள் விட்டு, போல்ட்டைக் கழற்றினார். ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கிவிட்டு இன்னொரு முறை முடுக்கிப் பார்த்தார். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கால் பெடலுக்கு எட்டியது. பெல்ட்டை அவரே எடுத்து, தோளில் இழுத்து, நடுவில் பூட்டினார்.

கார் போனதும் இன்ஜின்காரர் தடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பார்க்கலையா மாப்பிள்ளை?" என்றார் பெரிசு, டயர் அடுக்கில் சாய்ந்தபடி.

"முடியல மாமா."

"சரி, நான் சொல்றேன். மெதுவாத்தான் போறா. இப்போ முதல் திருப்பம். காலை எடுத்துட்டா. திரும்பிட்டா. நல்லா இருக்கு." அவர் மூச்சுக்காக நிறுத்தினார். தூரத்தில் டர்போ விசிலடித்துக்கொண்டு எழும்பியது. "ஓ! மிதிச்சுட்டா."

"பிரேக்கையா, ஆக்ஸிலரேட்டரையா?"

"அது உங்களுக்கு வேணாம் மாப்பிள்ளை. ராத்திரி தூக்கம் வராது."

"மாமா, போன தடவை புரண்டாளே, அந்த வளைவு வந்துடுச்சா?"

"வரப் போகுது."

"இப்ப?"

பெரிசு கழுத்தை நீட்டினார். இன்ஜின் சத்தம் தடத்தின் அந்தக் கோடியில் ஒரு கணம் தாழ்ந்தது. இன்ஜின்காரர் உள்ளங்கையை வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். சத்தம் மறுபடி எழுந்தது, நிமிர்ந்தது, இவர்களை நோக்கி வளர்ந்துகொண்டே வந்தது.

"தாண்டிட்டா" என்றார் பெரிசு. அவர் கன்னம் நனைந்திருந்தது. "மாப்பிள்ளை, இதை நான் சொல்லிக் கேட்டா நல்லா இருக்காது. திரும்பிப் பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார்.